முற்றத்துச் சாட்சி

வீதியில் ஓடும்போது நின்றுவிடும் கார் ஒரு வகை. வீட்டு முற்றத்தில் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார் வேறொரு வகை. முதலாவதில் ஒரு சம்பவம் இருக்கிறது. சூடு ஏறியது, பள்ளத்தில் விழுந்தது, எண்ணெய் தீர்ந்தது என்று காரணம் அருகிலேயே கிடக்கும். பார்த்தவர்களும் நாலு பேர் இருப்பார்கள். இரண்டாவதில் சம்பவமே இல்லை. நேற்று மாலை நன்றாக ஓடிவந்த காரைக் கேற்றுக்குள் ஏற்றி நிறுத்திப் பூட்டினார்கள். இரவு எவரும் அதைத் தொடவில்லை. காலையில் சாவியைத் திருப்பினால் அசைவில்லை. எதுவுமே நடக்காத ஓர் இரவுக்குள் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. ஏறாவூரின் ஒழுங்கைகளில், சுபஹு முடிந்து பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் நேரத்தில், இந்தக் கேள்விக்குச் சாவியை நாலாவது தடவை திருப்புவதற்குள் பதில் வந்துவிடும்: “பற்றரி போயிட்டுப் போல.” பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். ஆனாலும் அது விசாரித்துக் கண்ட முடிவில்லை. பழக்கத்தில் வாயில் வந்த ஒரு பாகத்தின் பெயர். பழுதைக் கண்டறிவது ஒரு வேலை, பழுதைத் திருத்துவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டையும் கராஜிடம் ஒப்படைத்துவிட்டோம். திருத்துவது கராஜின் வேலைதான். கண்டறிவதன் முதற்பாதியோ காரை வைத்திருப்பவருடையது. ஏனென்றால் அதற்கான சான்றுகள் வீட்டில் மட்டுமே, அதுவும் முதல் சில விநாடிகளில் மட்டுமே இருக்கின்றன.

தொடக்கக் கோளாறுகளில் பல ஓய்வினால் வருபவை. பெற்றோல் காரின் தாங்கிக்குள் இருக்கும் மின்பம்பியில் சிறியதொரு ஒருவழி வால்வு உண்டு. எஞ்சினை நிறுத்திய பின்னும் குழாயில் அழுத்தம் இறங்காமல் காப்பது அதன் வேலை. அது தேய்ந்துவிட்டால் இரவோடிரவாக அழுத்தம் வடிந்து, காலையில் எஞ்சின் நீண்டநேரம் சுழன்ற பிறகே பற்றும். பகலில் பத்துத் தடவை நிறுத்தி எடுத்தாலும் ஒரு குறையும் தெரியாது. டொல்பின் என்று நம்மவர்கள் அழைக்கும் டீசல் வான்களில் இதே நோய் வேறு உருவில் வரும்: குழாயின் ஏதோவொரு பொருத்தில் மயிரிழை இடைவெளி ஏற்பட்டு, அதனூடாகக் காற்று புக, டீசல் தாங்கியை நோக்கித் திரும்பி வடிந்துவிடும். பிறகு பூட்டிய ஒலிபெருக்கியோ அணையாத சிறு விளக்கோ இரவு முழுக்க மின்னை உறிஞ்சுவதும், மாரி மழையில் பழைய கார்களின் டிஸ்ரிபியூற்றர் மூடிக்குள் ஈரம் படிவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. இவற்றுக்கெல்லாம் பொதுவான குணம் ஒன்று உண்டு. காரைக் கராஜுக்குக் கொண்டுபோகும் செயலே இவற்றை மறைத்துவிடுகிறது. கராஜ் மெக்கானிக்கான பாஸின் முன்னால் போய் நிற்கும்போது எஞ்சின் சூடாக இருக்கிறது, குழாயில் அழுத்தம் நிறைந்திருக்கிறது, ஈரம் காய்ந்திருக்கிறது, பற்றரிக்கும் வழியிலேயே கொஞ்சம் சார்ஜ் ஏறியிருக்கிறது. அவர் சாவியைத் திருப்ப, கார் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது. கொண்டுவந்தவர் பொய் சொன்னவரைப் போல நிற்கிறார். அவர் காலையில் முற்றத்திலேயே ஒன்றைச் செய்து பார்த்திருக்கலாம். எஞ்சினைச் சுழற்றாமல் சாவியை ஓன் நிலைக்கு மட்டும் கொண்டுவந்து, இரண்டு விநாடி பொறுத்து அணைத்து, இப்படி மூன்று தடவை செய்தபின் ஸ்டார்ட் பண்ணினால், பெரும்பாலான பெற்றோல் கார்களில் பம்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுத்தம் ஏற்றும். அப்போது உடனே பற்றினால் சந்தேகம் எரிபொருள் அழுத்தத்தின் பக்கம் போகவேண்டும். பற்றரியைக் குற்றம் சொல்ல இடமில்லை என்பது ஒரு சதமும் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

ஊரும் ஒரு சான்றுதான். ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் வடதலைப்பில், மட்டக்களப்பு நகரிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் இருக்கிறது ஏறாவூர். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் புன்னைக்குடாக் கடல். இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானில் செய்யப்பட்டு, அங்கேயே சில காலம் ஓடி, பிறகு கப்பலேறி வந்தவை. அவற்றைச் செய்தவர்கள் அஞ்சியது குளிருக்கு. பற்றரியின் மேல் குளிர்த்தொடக்க அம்பியர் என்று பதிந்திருக்கும் எண், சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியசில் அளக்கப்பட்டது. ஏறாவூரில் வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். நமது பகை சூடும் உப்பும். ஈய அமிலப் பற்றரிக்குள் நடக்கும் சிதைவு, வெப்பம் 10 பாகை ஏறும்போது ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பற்றரித் தொழிலின் பொதுவான கணக்கு. வைகாசி வெயிலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் காரின் பொனற்றுக்குள் பற்றரி தன் ஆயுளை இரட்டைச் செலவில் கழிக்கிறது. கடற்காற்றின் உப்பும் பற்றரியிலிருந்து எழும் அமில ஆவியும் சேர்ந்து, முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். காரின் திரையில் எச்சரிக்கை வந்தாலும் அது ஜப்பானிய எழுத்தில் வருகிறது. கையேடும் அந்த மொழியில்தான். அந்தக் கார் தன் நோயைத் தானே சொன்னாலும் முற்றத்தில் வாசிக்க ஆளில்லை. ஆகவே எழுத்தை விட்டு ஒலிக்கு வரவேண்டியிருக்கிறது.

ஒலியைக் கேட்பதில் இந்தப் பிரதேசத்துக்குப் பழைய பெயர் உண்டு. நிலா இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை வாவியில் அமிழ்த்தி மறுமுனையைக் காதில் வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். 1848இல் இங்கே வந்து அந்த ஒலியைத் தன் காதாலேயே கேட்ட பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் ஒரு செய்தியைப் பதிந்து வைத்தார்: மீனவர்கள் அவரிடம் காரணமாகச் சொன்னது மீனை இல்லை, ஊரி எனும் சங்கு வகையை. ஒலி உண்மை, மீன் என்பது அதற்குப் பிறகு நிலைத்துப்போன விளக்கம். அனுபவமுள்ள பாஸ்மார் நீண்ட ஸ்குரூட்ரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு அணைத்துக் கேட்பது இதே துடுப்பு முறைதான். அங்கும் கேட்டதையும் கேட்டதற்குக் கொடுத்த பெயரையும் பிரித்து வைப்பதே அறிவு. சாவியைத் திருப்பும்போது கேட்பவற்றை ஒருவர் எளிதில் பிரிக்கலாம். ஒன்று, முழு மௌனம். இரண்டு, ஒரேயொரு கனமான ‘டக்’. மூன்று, விரைவாக அடுக்கி வரும் ‘டிக் டிக் டிக்’. நான்கு, பாரம் தூக்குபவனைப் போல எஞ்சின் முனகி முனகிச் சுற்றுவது. ஐந்து, வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றாமல் இருப்பது. ஆறு, பற்றி உடனே அணைவது. விளக்குகள் நன்றாக எரிந்தும் மௌனமாக இருந்தால் கட்டளை ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேரவில்லை. ஓட்டோ கியர் காரில் லீவரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பார்த்தாலே ஒரு சந்தேகம் தீரும். அடுக்கு ‘டிக் டிக்’ என்றால் மின் இருக்கிறது, போதவில்லை. ஒற்றை ‘டக்’ என்றால் கட்டளை வந்துவிட்டது. மோட்டார்தான் திரும்பவில்லை, அல்லது அதற்குப் போகும் மின் வழியில் நெருக்கடி. வழக்கமான வேகத்தில் சுற்றினால் பற்றரியும் ஸ்டார்ட்டரும் விடுதலை. விசாரணை எரிபொருளுக்கும் தீப்பொறிக்கும் மாறவேண்டும். இந்த ஆறில் எது என்று சொல்ல ஒரு கருவியும் வேண்டாம். ஆனால் “ஸ்டார்ட் ஆகுதில்ல” என்ற ஒரே சொல்லுக்குள் ஆறையும் போட்டு மூடிவிடுகிறோம்.

“லைற் எல்லாம் நல்லா எரியுது, அப்ப பற்றரியில பிழை இல்ல” என்பது மறுபக்கத்துப் பிழை. முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து 110 வாற். 12 வோல்ற்றில் அவை எடுப்பது ஏறக்குறைய 9 அம்பியர். ஸ்டார்ட்டர் ஒரு சிறிய காரில்கூட 150 அம்பியர் அளவுக்கு இழுக்கும். இப்போது பற்றரி முனையில் பூத்த உப்பு, ஓர் ஓமின் 50இல் ஒரு பங்கு தடையை உண்டாக்கியிருக்கிறது என்று வைப்போம். விளக்குகளுக்குப் போகும் மின் அந்த இடத்தில் இழப்பது 0.2 வோல்ற்றுக்கும் குறைவு, கண்ணுக்குத் தெரியாது. அதே இடத்தில் 150 அம்பியர் கடக்க முயன்றால் 3 வோல்ற் கரைந்துவிடும். ஸ்டார்ட்டருக்கு மிஞ்சுவதில் அது எஞ்சினைச் சுற்றாது. நல்ல பற்றரி, நல்ல ஸ்டார்ட்டர், நடுவே ஒரு சிட்டிகை உப்பு. எனவே விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதைவிட, விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பும்போது அதற்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. ஒளி சற்றும் குறையாமல் நின்றால் மின் ஸ்டார்ட்டர் பக்கமே போகவில்லை. மெல்ல மங்கி எஞ்சின் முனகினால் பற்றரி பலவீனம் என்று சந்தேகிக்கலாம். சட்டென முழுதாக அணைந்து, முனையை ஆட்டியதும் திரும்பி வந்தால் குற்றவாளி அந்த முனை. மின்சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண மல்ரிமீற்றர் ஒன்று கையிலிருந்தால் கணக்கு இன்னும் தெளிவாகும்: ஓய்வில் 12.6 வோல்ற் காட்டினால் பற்றரி நிறைவு, 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8க்கும் 14.4க்கும் இடையில் வராவிட்டால் நோய் சார்ஜ் ஏற்றும் ஓல்டனேற்றரின் பக்கம்.

பற்றரி உண்மையிலேயே இறங்கியிருந்தாலும் விசாரணை முடியாது. ஏன் இறங்கியது என்ற கேள்வி மிஞ்சுகிறது. அடிக்கடி ஸ்டார்ட் பண்ணுவதால்தான் பற்றரி தேய்கிறது என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 150 அம்பியரை 3 விநாடி இழுத்தால் செலவாவது ஓர் அம்பியர் மணியின் எட்டில் ஒரு பங்கு. மாறாக, பூட்டி நிறுத்திய காரில் கடிகாரம், அலாரம், கணினி நினைவு என்று 50 மில்லி அம்பியர் கசிந்தால் ஒரு நாளைக்கு 1.2 அம்பியர் மணி போகிறது. அதாவது ஒரு நாள் சும்மா நிற்பது ஒன்பது பத்துத் தடவை ஸ்டார்ட் பண்ணுவதற்குச் சமம். இரண்டு வாரம் நின்றால், சிறிய கார்களில் இருக்கும் 35 அம்பியர் மணிப் பற்றரியின் பாதி காலி. அதே நிலையில் இன்னும் நின்றால் தகடுகளில் ஈய சல்பேற்று இறுகிப்போய், பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுதாகக் கரையாது. 2022இல் நாடு முழுவதும் இந்தக் கணக்கைத் தன் முற்றங்களில் கற்றிருக்கவேண்டும். அந்த ஆண்டு யூன் இறுதியில் அத்தியாவசியமல்லாத வாகனங்களுக்கு எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. பிறகு கியூஆர் அட்டை முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று பங்கீடு வந்தது. அதற்கு முன்னான மாதங்களில் வரிசையிலும் கொட்டகையிலும் கார்கள் வாரக்கணக்கில் நின்றன. அப்படி நின்று செத்த பற்றரி காலாவதியானது இல்லை, பட்டினி கிடந்தது. மறைமுனைக் கம்பியைக் கழற்றி வைத்திருந்தாலே கசிவு நின்றிருக்கும்.

தட்டுப்பாடு சில வேளைகளில் நல்ல ஆசிரியனாகவும் இருந்திருக்கிறது. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரிகளும் போவது தடைசெய்யப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொரிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் மண்ணெண்ணெயில் அவை ஸ்டார்ட் ஆகா. பெற்றோலின் ஆவி சைபருக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகைக்கு மேல் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் அது ஆவியாகாமல் துளியாகவே கிடக்கும். எனவே சிறு போத்தலில் காத்து வைத்த சில துளி பெற்றோலைக் கார்பரேற்றருக்குக் கொடுத்து எஞ்சினைப் பற்றவைத்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். இதைச் செய்தவர்கள் எல்லாரும் மெக்கானிக்குகள் இல்லை. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கடைக்காரர்களும் அவர்களில் இருந்தார்கள். தொடங்குவதற்கு வேண்டியது வேறு, ஓடுவதற்கு வேண்டியது வேறு என்ற உண்மையை அவர்கள் ஒவ்வொரு காலையும் கையால் அறிந்திருந்தார்கள். வழமையான வேகத்தில் சுற்றியும் பற்றாத காரின் முன் கேட்கவேண்டிய கேள்விகளும் இவைதான்: எரிபொருள் வருகிறதா, ஆவியாகிற நிலையில் வருகிறதா, பொறி உரிய நேரத்தில் விழுகிறதா? இன்றைய காரில் சாவியை ஓன் பண்ணியதும் பின்னிருக்கைப் பக்கமிருந்து பம்பியின் மெல்லிய இரைச்சல் இரண்டு விநாடி கேட்கவேண்டும். கேட்காவிட்டால் பியூஸ், ரிலே, பம்பி என்று தேடலாம். பெற்றோல் மணம் முகத்தில் அடித்தால் எரிபொருள் வந்திருக்கிறது, பொறிதான் சந்தேகம். டாஷ்போட்டில் சாவி வடிவ விளக்கு விடாமல் மின்னினால் கார் சாவியை அடையாளம் காணவில்லை. வீட்டில் இருக்கும் மற்றச் சாவியை எடுத்துவந்தால் போதும்.

இத்தனை சான்றுகளையும் நாம் அழித்துவிடுகிறோம் என்பதுதான் குறை. பற்றாத எஞ்சினை விடாமல் சுழற்றுகிறோம். எரிபொருள் பம்பி பழுதான கார், கால்மணி நேரச் சுழற்றலுக்குப் பிறகு பற்றரி இறங்கிய காராகவும் மாறிவிடுகிறது. அயல்வீட்டுக்காரர் வந்து சாவியைத் திருப்பும்போது அவருக்குக் கேட்பது ‘டிக் டிக்’ மட்டும்தான். “பற்றரி போயிட்டு” என்று அவர் சொல்வது அந்த நேரத்தில் உண்மை. நாம் சொன்ன காரணத்தை நாமே உண்டாக்கிவிட்டோம். அடுத்து, வேறொரு காரிலிருந்து கேபிள் கொடுக்கிறோம். கிளிப்பைக் கடிக்கவைக்கும்போது பூத்திருந்த உப்பு சுரண்டப்படுகிறது. தளர்ந்திருந்த முனை அசைந்து உட்காருகிறது. கார் ஸ்டார்ட் ஆனதும் மின் கொடுத்ததால் ஆனதா, முனை அசைந்ததால் ஆனதா என்று எவரும் பிரித்தறிய முடியாது. புதுப் பற்றரி மாற்றும்போதும் இதே மயக்கம். பழையதைக் கழற்றுபவர் முனைகளைத் தேய்த்துத் துடைத்து இறுக்கிப் பூட்டுகிறார். ஒரே நேரத்தில் இரண்டு மாறிவிடுகின்றன, புகழ் ஒன்றுக்குப் போகிறது. நோய் ஓல்டனேற்றரிலோ கசிவிலோ இருந்தால் புதுப் பற்றரியின் பலத்தில் அது சில காலம் மறைந்திருந்து, மறுபடி காலையில் வரும். அப்போது குற்றம் பற்றரிக் கடைக்காரர்மேல் விழும்.

இந்த வாதத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு அனுபவத்தின் பெயரால் வருவது. பாஸ் பற்றரி என்று ஊகிப்பது சோம்பலால் அல்ல. பத்துக் காரில் பலவற்றுக்கு அதுவே காரணமாக இருந்ததைக் கண்டவர் அவர். எண்களும் அவர் பக்கம் நிற்கின்றன. ஜேர்மனியின் அடாக் எனும் வாகனச் சங்கம் தனது உதவிக்கு அழைக்கப்பட்ட பழுதுகளை ஆண்டுதோறும் வகைப்படுத்துகிறது. அண்மை ஆண்டுகளில் 40 வீதத்துக்கு மேல் பற்றரி சார்ந்தவை. அப்படியிருக்க, முதலில் பற்றரியைச் சந்தேகிப்பதில் என்ன பிழை? பிழையில்லை. எங்கே முதலில் தேடுவது என்பதை அந்த எண் சரியாகவே சொல்கிறது. எங்கே தேடலை நிறுத்துவது என்பதை அது சொல்லாது. 40 வீதத்துக்கு மேல் என்றால் பாதிக்கு மேற்பட்டவை வேறு காரணங்கள் என்றும் அதே எண்ணை வாசிக்கலாம். மேலும் அது பழுது எங்கே வெளிப்பட்டது என்பதன் கணக்கு. எதனால் வந்தது என்பதற்கு வேறு கணக்கு வேண்டும். சங்கிலி அறுந்த இடம் பற்றரி என்றால், அதை அறுத்தது கசிவா, சூடா, சார்ஜ் ஏறாமையா, வயதா என்பது பாக்கி. நல்ல பாஸ் இதை அறிவார். தன்னிடம் வருபவர் எதையும் கவனிக்காமல் வருவதால்தான் அவர் ஊகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாட்சியம் இல்லாத வழக்கில் நீதவானுக்கு மிஞ்சுவது அனுமானமே.

இன்றைய கார் ஒரு கணினி. காதையும் கண்ணையும் நம்பிய காலம் மொரிஸ் மைனரோடு போய்விட்டது. ஸ்கேனரைப் பொருத்தினால் அது சொல்லிவிடும் என்பது இரண்டாவது மறுப்பு. ஸ்கேனர் பயனுள்ளது, அதன் எல்லையும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு சுற்றில் எதிர்பார்த்த எண் வரவில்லை என்பதையே அது குறியீடாகச் சொல்கிறது. அந்தச் சுற்றில் எந்தப் பாகம் குற்றவாளி என்பதை மனிதர்தான் தேடவேண்டும். மின்னே போதாமல் கணினி விழிக்காத நிலையில் அது எதையும் எழுதி வைத்திருக்கவும் மாட்டாது. நம் வீதிகளில் நிறைந்திருக்கும் டொயோட்டா அக்குவா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் வழமையான ஸ்டார்ட்டர் மோட்டாரே இல்லை. 144 வோல்ற் பெரிய பற்றரியிலிருந்து வரும் சக்தியில் அதன் மின்மோட்டார் எஞ்சினைச் சுழற்றுகிறது. ஆனால் கணினிகளை எழுப்பி, அந்தப் பெரிய பற்றரியின் ரிலேயை மூடுவதற்குப் பின்புறத்தில் ஒரு சின்ன 12 வோல்ற் பற்றரி வேண்டும். அது இறங்கினால் பெரியது நிறைந்திருந்தும் ‘ரெடி’ விளக்கு வராது. பிரெஞ்சுக்காரர் கஸ்தோன் பிளாந்தே ஈய அமிலப் பற்றரியைக் கண்டறிந்தது 1859இல், ரெனன்ற்றின் நூல் வெளிவந்த அதே ஆண்டில். 1912இன் கடிலாக் காரில் சார்ள்ஸ் கெற்றறிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்து கைச்சுழற்சியை ஒழித்ததும் அந்த வகைப் பற்றரியை நம்பியே. ஹைபிரிட் காரும் தன் முதல் விழிப்பை இன்றும் அந்த அடக்கமான பெட்டியிடமே கடன் வாங்குகிறது. தொழில்நுட்பம் வளர்ந்தும் விசாரணையின் முதற்படி மாறவில்லை.

மூன்றாவது மறுப்பு நியாயமானது: தெரியாதவர் கைவைத்தால் ஆபத்து. பற்றரியிலிருந்து எழும் ஐதரசன் வாயு ஒரு பொறியில் வெடிக்கும்; அமிலம் கண்ணில் பட்டால் பார்வை போகலாம்; ஹைபிரிட் காரின் செம்மஞ்சள் நிறக் கம்பிகள் உயிரெடுக்கக்கூடியவை. கேபிள் கொடுப்பவர்கள்கூடக் கடைசிக் கறுப்புக் கிளிப்பைப் பற்றரி முனையில் கடிக்கவைக்காமல், தள்ளியுள்ள எஞ்சின் இரும்பில் மாட்டவேண்டும் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள். ஆனால் இங்கே கேட்கப்படுவது கைவைப்பதை இல்லை, கவனிப்பதை. கேட்பதற்கும் விளக்கைப் பார்ப்பதற்கும் பொனற்றைத் திறக்கவே தேவையில்லை. எனக்கு இதெல்லாம் எதற்கு, பணம் கொடுத்தால் வேலை நடக்கும் என்ற மனநிலை இதன் பின்னால் இன்னும் ஆழமாக இருக்கிறது. 1974இல் வெளிவந்த ரொபேர்ட் பேர்சிக்கின் ‘ஸென் அன்ட் தி ஆர்ட் ஒஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்’ நூலில் பயணத் தோழனின் மோட்டார் சைக்கிள் ஒரு கொடும் வெயில் நாளில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. சூட்டில் சோக்கை இழுத்ததால் எஞ்சினில் எரிபொருள் நிரம்பிவிட்டது. பேர்சிக்கை யோசிக்கவைத்தது அந்தப் பிழையைவிட, காரணத்தைக் கேட்கவே விரும்பாத தோழனின் வெறுப்பு. வேலைப் பிரிவினை தேவைதான். வைத்தியரிடம் போகும் எல்லாரும் வைத்தியம் படிக்கவேண்டியதில்லை. ஆனால் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று சொல்வதை வைத்தியர் நமக்காகச் செய்யமுடியாது.

இதில் தனிமனிதரின் காசு மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய இலங்கை, தனியார் கார்களுக்குக் கதவை மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களே வயதேறி ஓடின, நாளையும் ஓடப்போகின்றன. சந்தேகத்தின் பேரில் மாற்றப்படும் ஒவ்வொரு ஸ்டார்ட்டரும் சென்சரும் டொலரில் வந்த பொருள். ஊகத்தால் கழற்றப்பட்ட நல்ல பற்றரி ஈயமாகவும் அமிலமாகவும் எங்கோ போய்ச் சேர்கிறது. வாவியோரத்து ஊருக்கு அது சின்ன விசயம் இல்லை. ஆகவே அடுத்த தடவை கார் ஸ்டார்ட் ஆகாத காலையில் சாவியை மூன்றாவது தடவை திருப்புவதற்கு முன் கையை எடுங்கள். எத்தனை நாள் நின்றது, இரவு மழையா, முதல் திருப்பில் எந்த ஒலி, விளக்கு என்ன செய்தது, கடைசியாகக் காரில் எதைப் பூட்டினோம் அல்லது கழற்றினோம் என்று ஐந்து வரி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, பாஸிடம் காரோடு சேர்த்துக் கொடுங்கள். அவர் உங்களைவிட நூறு மடங்கு தெரிந்தவராக இருக்கலாம். ஆனால் அந்த முதல் திருப்பின் ஒலியை அவர் கேட்கவில்லை. கேட்டவர் நீங்கள் மட்டும்தான்.